வறுமை குடிசையை விட்டு லைன் வீட்டுக்குப் போய்விட்டது, கணக்கு மட்டும் குடிசையையே தேடுகிறது – திருச்சி, தஞ்சை, குடந்தை

#1 உய்யக்கொண்டான் (திருச்சி)

திருச்சியில் ஏழைகள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டால் வாய்க்கால் கரை, தண்டவாள ஓரம், அரியமங்கலம் குப்பைமேட்டுப் பக்கம் என்றுதான் இன்னும் கை நீளுகிறது. அங்கே ஆட்கள் இல்லாமல் இல்லை. ஆனால் கடந்த இருபது வருடத்தில் சேர்ந்த வறுமை அங்கே போய்ச் சேரவில்லை. அது லைன் வீட்டுக்குள் போய்விட்டது.

லைன் வீடு என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: ஒரு மனை, முன்பக்கம் உரிமையாளர் வீடு, பின்பக்கம் ஒரே வரிசையில் நாலிலிருந்து எட்டு அறை. பத்துக்குப் பத்து. ஆஸ்பெஸ்டாஸ் அல்லது மட்டமான தளம். வாசலை ஒட்டி ஒரு அடுப்புத் திட்டு. கடைசியில் இரண்டு கழிப்பறை, ஒரு குளியலறை, எல்லாருக்கும் பொது. ஒரு போர்வெல், ஒரு மின் மீட்டர். காட்டூர், திருவெறும்பூர், எடமலைப்பட்டிப்புதூர், துவாக்குடி பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் பார்க்கலாம்.

இது ஏன் கணக்கில் வருவதில்லை? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு குடிசைப் பகுதியை மூன்று வகையில் எடுத்தது: சட்டப்படி அறிவிக்கப்பட்டது, அரசு அங்கீகரித்தது, கணக்கெடுப்பவர்களே அடையாளம் கண்டது. மூன்றாவது வகைக்குக் குறைந்தது 300 பேர் அல்லது 60–70 குடும்பம் நெருக்கமாக ஒரே இடத்தில் இருக்க வேண்டும். தேசிய மாதிரி ஆய்வின் வரையறைக்கு 20 குடும்பம் போதும். ஆறு அறை உள்ள லைன் வீடு இரண்டிலும் விழாது. ஒரே தெருவில் இப்படிப் பத்து மனை சிதறிக் கிடந்தாலும் நடுநடுவே மாடிவீடு நிற்பதால் ‘நெருக்கமான தொகுப்பு’ ஆகாது. இன்னொன்று, 2011 கணக்கெடுப்பில் குடிசைப் பகுதிகளைப் பிரித்து எடுத்தது சட்டபூர்வ நகரங்களில் மட்டும். அன்றைக்கு ஊராட்சியாக இருந்த புறநகர் முழுக்க அதிலிருந்து விட்டுப்போனது.

1970-ல் குடிசை மாற்று வாரியம் வந்தது, 1971-ல் சட்டம். 2021-ல் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. அந்த ஏற்பாட்டில் நல்லதே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2002-ல் திறந்தவெளி மலங்கழிப்பு இல்லாத குடிசைப் பகுதி என்று கல்மந்தை அறிவிக்கப்பட்டது இதே ஊரில்தான். பொதுக் கழிப்பறையைப் பெண்கள் குழுவே காசு வாங்கி, கணக்கு எழுதி நடத்தும் முறைக்குத் திருச்சி பேர்போனது. ஒரு பகுதிக்குப் பெயரும் எல்லையும் இருந்தால் அங்கே வேலை நடக்கும். லைன் வீட்டுக்குப் பெயரும் இல்லை, எல்லையும் இல்லை.

சென்னையில் கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று அரசே கொண்டுபோய் வைத்ததால் யார் எங்கே போனார்கள் என்பது தெரிகிறது. இங்கே தள்ளியது வாடகை. ஆணை, அறிவிப்பு எதுவும் இல்லாமல் நடந்ததால் தடயமே இல்லை.

மற்ற ஊர்க்காரர்களும் எழுதுங்கள். எந்த உதவி எந்த ஆவணத்தில் சிக்கி நிற்கிறது என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

#2 வெண்ணாறு (தஞ்சாவூர்)

மீட்டரிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஏழைக்குக் கூடுதல் விலை விழுவதை ரூபாயில் காட்ட இதைவிட நல்ல இடம் கிடையாது.

2022 செப்டம்பர் கட்டண விகிதத்தை எடுத்துக்கொள்கிறேன் (பிறகு சற்று ஏறியிருக்கிறது, அடுக்குமுறை அதேதான்). இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் என்றால் முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட் ரூ.2.25, 201–400 ரூ.4.50, 401–500 ரூ.6. மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் அடுக்கே மாறும்: முதல் 100 இலவசம், 101–400 ரூ.4.50, 401–500 ரூ.6, 501–600 ரூ.8, 601–800 ரூ.9.

ஒரு குடும்பம் இரண்டு மாதத்துக்கு 160 யூனிட் எரிக்கிறது. ஒரு ஃபேன், இரண்டு லைட், டிவி, மிக்ஸி, பழைய ஃபிரிட்ஜ் ஒன்று. தனி மீட்டர் இருந்தால் கட்ட வேண்டியது 60 × 2.25 = ரூ.135.

இதே மாதிரி நாலு குடும்பம் ஒரே மீட்டரில். மொத்தம் 640 யூனிட். 300 × 4.50 = 1,350. அடுத்த 100-க்கு 600. அடுத்த 100-க்கு 800. மிச்சம் 40-க்கு 360. ஆக ரூ.3,110. தலைக்கு ரூ.777.50.

அதே ஃபேன், அதே லைட். 135 எங்கே, 777 எங்கே! இத்தனைக்கும் உரிமையாளர் ஒரு பைசா லாபம் வைக்காமல் பிரித்தால் வருவது இது. பெரும்பாலான இடத்தில் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய், 10 ரூபாய் என்று தட்டையாக வாங்குகிறார்கள். 8 ரூபாய் என்றால் 160 யூனிட்டுக்கு ரூ.1,280. இலவச 100 யூனிட் யாருக்காகக் கொடுக்கப்பட்டதோ அவர்களுக்குப் போகாமல் பொது மீட்டரிலேயே நின்றுவிடுகிறது.

தொடர் விளைவு ஒன்று இருக்கிறது, கவனியுங்கள். மகளிர் உரிமைத் தொகைக்கு 2023-ல் வைத்த தகுதிகளில் ஒன்று ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மிகாமல் இருப்பது. மேலே சொன்ன பொது மீட்டர் ஆண்டுக்கு 640 × 6 = 3,840. அந்த இணைப்பு எண்ணை விண்ணப்பத்தில் எழுதினால் நாலு குடும்பத்தின் மின்சாரமும் ஒரு பெண்மணியின் தலையில் விழும் ஆபத்து இருக்கிறது. இதனால் தள்ளுபடி ஆனால் செய்தி வந்த 30 நாளுக்குள் இ-சேவை வழியாக வருவாய்க் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு போடலாம். அப்போது வாடகை ஒப்பந்தம், சப்-மீட்டர் படம், அதே முகவரியில் எத்தனை குடும்பம் என்ற விவரம் மூன்றையும் சேர்த்து வைக்க வேண்டும். வெறும் ‘நான் ஏழை’ என்று எழுதிய மனு நிற்காது.

தனி மீட்டர் வாங்க என்ன வேண்டும்: தனி வாசல், தனிச் சமையல் இடம், வயரிங் தனியாகப் பிரித்திருப்பது. உரிமையாளரின் சம்மதக் கடிதம். அவர் மறுத்தால் குடியிருப்புக்கான சான்றோடு பிணை உறுதிமொழி கொடுத்து விண்ணப்பிக்க வழங்கல் விதித்தொகுப்பில் இடம் உண்டு. ஆனால் அப்படிப் போட்ட அன்றே வீட்டைக் காலி செய் என்ற பேச்சு வரும். சட்டம் இருந்தும் யாரும் போடாததற்குக் காரணம் அதுதான்.

#3 அரசலாறு (கும்பகோணம்)

இரண்டு பதிவும் படித்தேன். உழைப்பு தெரிகிறது. ஆனால் ஒரு பக்கம் சாய்கிறது என்று சொல்லியாக வேண்டும்.

2011-12-ல் டெண்டுல்கர் குழு வகுத்த முறையில் தமிழ்நாட்டு நகர்ப்புற வறுமைக்கோடு தலைக்கு மாதம் ரூ.937. அதற்குக் கீழே இருந்தவர்கள் நகர்ப்புறத்தில் நூற்றுக்கு ஆறரை பேர். நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் கணக்கில் தமிழ்நாடு 2015-16-ல் 4.76%, 2019-21-ல் 2.20%. ரேஷன் அரிசி, சத்துணவு, 2022-லிருந்து காலை உணவு, பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து எல்லாம் சேர்ந்து பசியைக் குறைத்திருக்கின்றன. இதைச் சொல்லாமல் வறுமை ‘நகர்ந்துவிட்டது’ என்று மட்டும் எழுதினால், ஒன்றுமே நடக்கவில்லை என்று படிக்கிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

குடிசையில் தீப்பிடிக்கும் பயத்தோடு இருந்தவர்கள் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு வந்தது முன்னேற்றம்தான். லைன் வீட்டைக் குடிசையோடு ஒன்றாக வைப்பது சரியா?

#4 உய்யக்கொண்டான் (திருச்சி)

அரசலாறு, பசி குறைந்ததை நான் மறுக்கவில்லை. நீங்கள் கொடுத்த எண்களும் சரி. அவை எதை அளக்கின்றன என்பதுதான் என் கேள்வி.

பல்பரிமாணக் கணக்கில் 12 குறியீடு. அதில் வாழ்க்கைத் தரத்துக்கு ஏழு, ஒவ்வொன்றுக்கும் எடை 1/21. மொத்தம் மூன்றில் ஒரு பங்கு குறை இருந்தால்தான் ஏழைக் குடும்பம். இப்போது லைன் வீட்டை அதில் போட்டுப் பாருங்கள். தரை சிமெண்ட், கூரை ஓலையில்லை: வீட்டில் குறையில்லை. மின்சாரம் இருக்கிறது. கேஸ் இருக்கிறது. வங்கிக் கணக்கு இருக்கிறது. டிவி, வண்டி, போன் இருக்கிறது. பிள்ளை பள்ளிக்குப் போகிறது. குறை என்று நிச்சயமாக விழுவது கழிப்பறை ஒன்றுதான், மற்ற குடும்பங்களோடு பகிர்ந்தால் அது குறை. ஆக 1/21, அதாவது நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. பத்துக்குப் பத்தில் ஐந்து பேர் படுப்பதற்கு அந்தக் கணக்கில் கட்டமே கிடையாது. வாடகைக்கும் கடனுக்கும் கிடையாது.

வறுமைக்கோட்டுக்கு வருவோம். 937 × 4 பேர் = மாதம் ரூ.3,748. அது 2011-12 விலை, இன்றைக்கு நேராக வைக்கக் கூடாது, தெரியும். ஆனால் ஓரத்து லைன் வீட்டு அறைக்கே இன்று நாலாயிரம் கொடுத்தால் சாப்பாட்டுக்கு முன்னாலேயே அந்தத் தொகை முடிந்துபோகிறது. 2023-24 நுகர்வுச் செலவு ஆய்வில் தமிழ்நாட்டு நகர்ப்புறச் சராசரி தலைக்கு ரூ.8,165, நாலு பேர் குடும்பத்துக்கு ரூ.32,660. மாதம் பதினெட்டாயிரம் வரும் குடும்பம் அதில் பாதியைக் கொஞ்சம் தாண்டுகிறது. ‘ஏழை இல்லை’ என்ற கோட்டுக்கும் சராசரிக்கும் நடுவில் கிடக்கும் இந்தப் பெரிய கூட்டத்துக்குப் பெயர் வைக்கவில்லை. இன்றைய ஏற்றத்தாழ்வு அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

குடிசையையும் லைன் வீட்டையும் ஒன்று என்று சொல்லவில்லை. அறிவிக்கப்பட்ட குடிசைப் பகுதியில் வாடகைக்கு இருப்பவரை வெளியேற்ற வழக்குப் போடவே 1971 சட்டப்படி முன் அனுமதி வேண்டும். லைன் வீட்டில் இருப்பவருக்கு அந்தக் காப்பு கிடையாது. கூரை நல்லதாகிவிட்டது, காலுக்குக் கீழே இருந்த பிடி போய்விட்டது.

#5 தரைக்கடை (திருச்சி)

கடனைப் பற்றி விரிவாக எழுதுகிறேன். என்.எஸ்.பி. ரோடு, சத்திரம், காந்தி மார்க்கெட் சுற்றி நடக்கும் வியாபாரத்தின் ரத்த ஓட்டமே அதுதான்.

தண்டல் அட்டை பார்த்திருக்கிறீர்களா? உள்ளங்கை அளவு மஞ்சள் அட்டை. பத்துக்குப் பத்து, நூறு கட்டம். ஒவ்வொரு நாளும் நூறு ரூபாய் கொடுத்தால் ஒரு கட்டத்தில் சுழி. கையில் கொடுப்பது ரூ.8,500, திரும்ப வாங்குவது ரூ.10,000. ‘நூறு நாளைக்கு 1,500 ரூபாய்தானே, பதினைந்து பர்சென்ட்’ என்று பார்வைக்குத் தோன்றும். அப்படி இல்லை. முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டே வருகிறது, வட்டி மட்டும் முழுத் தொகைக்கும் முன்கூட்டியே பிடித்தாகிவிட்டது. குறையும் நிலுவைக்குக் கணக்குப் போட்டால் நாளுக்கு 0.33%, ஆண்டுக்கு 120%. வருடம் முழுக்க ஒரு அட்டை முடிந்ததும் அடுத்த அட்டை என்று ஓட்டினால் மூன்றரை அட்டைக்கு மேல் போகும். வட்டி மட்டும் ரூ.5,475.

இதைவிடக் கொடுமை காலையில் 900 வாங்கி இரவு 1,000 கொடுப்பது. 2003-ல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டத்தில் தண்டல், மீட்டர் வட்டி, நாள் வட்டி எல்லாம் பெயர் சொல்லியே தடுக்கப்பட்டிருக்கிறது. மார்க்கெட்டில் இன்னும் நடக்கிறது, காலை மூன்று மணிக்குச் சரக்கு எடுக்க ரொக்கம் கொடுப்பவர் வேறு யாரும் இல்லாததால்.

மாற்று என்ன? தெரு வியாபாரிகளுக்காக 2020-ல் வந்த ஸ்வநிதிக் கடன். முதல் கடன் ரூ.10,000 என்று ஆரம்பித்து, 2025-ல் அடுத்தடுத்த மூன்று கடன்களை 15,000, 25,000, 50,000 என்று மாற்றினார்கள். ஒழுங்காகக் கட்டினால் 7% வட்டி மானியம். 10,000 ரூபாயை 12% வட்டிக்கு 12 மாதத்தில் கட்டினால் மாதம் சுமார் ரூ.888, மொத்த வட்டி ரூ.662, மானியத்துக்கு முன்னாலேயே. 5,475-க்கும் 662-க்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். ஆனால் இதற்கு விற்பனைச் சான்றிதழ் அல்லது உள்ளாட்சியின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். தெரு வியாபாரிகள் கணக்கெடுப்பு நடந்த அன்று சரக்கு எடுக்கப் போயிருந்தால் பெயர் விடும். கடையைக் கணவர் பெயரில் எழுதிவிட்டு உண்மையில் உட்கார்ந்து விற்பது மனைவியாக இருக்கும். பேருந்து நிலையத்தை ஒட்டி இருந்தவர்களுக்கு 2025 ஜூலையில் வெளியூர்ப் பேருந்துகள் பஞ்சப்பூருக்குப் போனதோடு வாடிக்கையாளர்கள் போய்விட்டார்கள், சான்றிதழ் பழைய இடத்துக்கே இருக்கிறது.

2014 தெரு வியாபாரிகள் சட்டத்தில் மூன்று விஷயத்தைக் கட்டாயம் தெரிந்துவைத்திருங்கள். கணக்கெடுப்பு முடிந்து எல்லாருக்கும் சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. நகர விற்பனைக் குழுவில் வியாபாரிப் பிரதிநிதிகள் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். சரக்கைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். அழுகும் பொருளை, உரிமை கோரிய அன்றே, மற்றதை இரண்டு வேலை நாளுக்குள் திருப்ப வேண்டும். பட்டியல் வாங்காமல் வண்டியை விட்டால் அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது.

இனி குழுக் கடன். 2022 ஏப்ரலிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் உள்ள குடும்பத்துக்குப் பிணையில்லாமல் கொடுப்பது நுண்கடன். எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வட்டிக்கு உச்சவரம்பு இல்லை. ரூ.50,000-ஐ 24% வட்டியில் 24 மாதத்துக்கு எடுத்தால் தவணை சுமார் ரூ.2,644. மூன்று கம்பெனியில் மூன்று கடன்: ரூ.7,932. மாத வருமானம் 18,000 என்றால் 44%, விதிக்குள் இருக்கிறது. ஆனால் தண்டல் அட்டை எந்தக் கடன் தகவல் நிறுவனத்தின் ஏட்டிலும் வராது. நாளுக்கு நூறு வீதம் மாதம் 3,000 சேர்த்தால் ரூ.10,932, அறுபது சதவீதத்தைத் தாண்டிவிட்டது. தவணை கட்ட முடியாமல் போகும் குடும்பத்தை அலசினால் பலவும் இந்த இடத்தில்தான் உடைந்திருக்கும்.

வசூலுக்கு வருகிறவர் காலை 9-க்கு முன்னும் மாலை 6-க்குப் பின்னும் வரக் கூடாது, போனும் பண்ணக் கூடாது. குறித்த பொது இடத்தில்தான் வாங்க வேண்டும். கடன் வாங்கியவர் அங்கே அடுத்தடுத்து இரண்டு முறையோ அதற்கு மேலோ வராவிட்டால்தான் வீட்டுக்கு வரலாம். குழுவில் ஒருத்தி கட்டாததற்கு மற்ற நாலு பேரை இரவு பத்து மணி வரை அவள் வாசலில் உட்கார வைப்பது அப்பட்டமான விதிமீறல். ரசீதுப் புத்தகத்தில் நேரத்தைக் குறித்துவைத்தால் புகாருக்கு அதுவே ஆதாரம்.

#6 குடமுருட்டி (திருவையாறு)

தரைக்கடை அண்ணன் எழுதியதைப் பிரிண்ட் எடுத்து ஒட்ட வேண்டும்.

எல்லைக்கோடு விஷயம் யாரும் தொடவில்லை. தஞ்சை 2014-ல் மாநகராட்சி ஆனது, குடந்தை 2021 அறிவிப்புக்குப் பிறகு. திருச்சி பக்கத்து ஊராட்சிகளையும் சேர்க்கும் பேச்சு ஓய்வதே இல்லை. சேர்க்கும்போது சாலை, விளக்கு, குடிநீர் என்று சொல்வார்கள். கூலிக்காரக் குடும்பம் இழப்பதை யாரும் ரூபாயில் சொல்வதில்லை.

நூறு நாள் வேலை ஊரகத்துக்கு மட்டும். 2025-26-ல் தமிழ்நாட்டுக் கூலி நாளுக்கு ரூ.336. ஐம்பது நாள் கிடைத்ததாக வைத்தாலும் ரூ.16,800 ஒரே அரசாணையில் போகிறது. சட்டத்தின் பெயரும் நாள் எண்ணிக்கையும் மாறினாலும் ‘ஊரகம் மட்டும்’ என்ற வரம்பு மாறவில்லை. நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் 2022-ல் ரூ.100 கோடியில் முன்னோடியாக வந்தது, தேர்ந்தெடுத்த இடங்களில் மட்டும்.

வீடு: ஊராட்சியில் கலைஞர் கனவு இல்லம் என்றால் ரூ.3.5 லட்சம். நகர எல்லைக்குள் தானே கட்டிக்கொள்ளும் திட்டத்தில், 2015-ல் வந்த முதல் கட்டத்தில், மத்திய பங்கு 1.5 லட்சம், மாநிலப் பங்கு 60 ஆயிரம், ஆக 2.1 லட்சமாக இருந்தது. அதே குடும்பம், அதே மனை. 1.4 லட்சம் குறைந்தது. செங்கல், மணல் விலை எல்லைக்கோட்டைப் பார்த்துக் குறைவதில்லை.

பேருந்தும் அப்படியே. விடியல் பயணம் அரசு சாதாரண நகரப் பேருந்தில் செல்லும். ஓரத்து நகர்களுக்குள் போவது தனியார் மினி பஸ், அதில் செல்லாது. மெயின் ரோட்டில் இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடப்பது இல்லையென்றால் ஷேர் ஆட்டோ. போக வர 40 ரூபாய் என்றால் 25 நாளுக்கு ஆயிரம். உரிமைத் தொகை எவ்வளவோ அவ்வளவு.

#7 வெட்டாறு (திருவாரூர்)

ஆட்கள் ஏன் நகரத்துக்கு வருகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் வாடகை மட்டும் காரணம் போலத் தெரியும்.

கீழ்த்தஞ்சையில் அறுவடை என்பது ஒரு குடும்பம் முழுக்க இறங்கி ஒரு மாதச் சாப்பாட்டு நெல்லைச் சேர்க்கும் காலம். பெல்ட் வண்டி (சேற்றிலும் இறங்கும் அறுவடை இயந்திரம்) வந்த பிறகு ஒரு ஏக்கர் ஒரு மணி நேரம், கொஞ்சம் முன்னப் பின்ன. சேற்றில் டயர் வண்டி இறங்காது என்பதால் முன்பு கொஞ்சம் கை அறுப்பு மிஞ்சியது, பெல்ட் அதையும் எடுத்துவிட்டது. நடவுக்குச் சில இடத்தில் இயந்திரம், சில இடத்தில் மேற்கு வங்கத்திலிருந்து வரும் குழுக்கள், ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம். உள்ளூர்ப் பெண்களுக்கு மிஞ்சுவது களை. மேட்டூர் ஜூன் 12-ல் திறக்காத வருடத்தில் குறுவையில் அதுவும் இல்லை. 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகு தென்னையை நம்பி இருந்த கடலோரப் பக்கமும் ஆள் கிளம்பியது.

இவர்கள் திருச்சிக்கு வந்தபோது அங்கே ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் சுருங்கிக்கொண்டிருந்தன. பெல் (BHEL) ஆலைக்குக் கொதிகலன் பாகம் செய்து கொடுத்த துணைத் தொழிற்கூடங்கள் அனல்மின் ஆர்டர் குறைந்ததும் ஆட்களைக் குறைத்தன. வெல்டிங் தெரிந்தவர்கள் வளைகுடா போனார்கள், தெரியாதவர்கள் டெலிவரி, செக்யூரிட்டி, ஒப்பந்தத் துப்புரவுக்குப் போனார்கள். ஒரு தலைமுறைக்கு முன் குவார்ட்டர்ஸ், கேண்டீன், பென்ஷன் என்று ஏறிய ஏணி இப்போது இல்லை.

ஒப்பந்த வேலையில் இருப்பவர்கள் பார்க்க வேண்டியது:

சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. 0.75% பிடித்திருந்தால் முதலாளி பங்கு 3.25% போயிருக்க வேண்டும் (சம்பள வரம்பு ரூ.21,000). நோய்க்கால உதவித்தொகைக்கு ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் சந்தா வேண்டும். காண்டிராக்டர் மாறும்போது நடுவில் மூன்று மாதத்துக்கு மேல் பெயர் விடுபட்டால் இந்த 78 உடைந்துவிடும். மருத்துவமனைக்குப் போன பிறகுதான் இது தெரியவருகிறது.

பி.எஃப்-பில் ஒவ்வொரு காண்டிராக்டரும் புது உறுப்பினர் எண் போடுவார். யு.ஏ.என். (எல்லா வேலைக்கும் பொதுவான எண்) ஒன்றாக இருந்தாலும் பழைய எண்ணில் வேலை விட்ட தேதி பதியாமல் இருந்தால் பணம் மாறாது. கடைசிச் சந்தாவுக்கு இரண்டு மாதம் கழித்து அந்தத் தேதியை நாமே இணையத்தில் பதியலாம். ஓய்வூதியத்துக்குப் பத்து வருடச் சேவை வேண்டும், எண்களைச் சேர்க்காமல் விட்டால் மூன்று மூன்று வருடமாகச் சிதறிக் கிடக்கும். இதை வருடத்துக்கு ஒரு முறையாவது செய்துவிட வேண்டும்.

#8 மண்ணியாறு

ரேஷன் கார்டு ஊரில், குடியிருப்பு திருச்சி லைன் வீட்டில். வாடகை ஒப்பந்தம் எழுத உரிமையாளர் ஒத்துக்கொள்வதில்லை. இந்த நிலையில் இருப்பவர்கள் எதை முதலில் செய்ய வேண்டும்? யாராவது வரிசையாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

#9 வெண்ணாறு (தஞ்சாவூர்)

மண்ணியாறு, முதலில் ஒரு ஆறுதல். அரிசிக்காகக் கார்டை மாற்ற அவசரமில்லை. 2020 அக்டோபரிலிருந்து கைரேகை வைத்து மாநிலத்தில் வேறு கடையிலும் வாங்கலாம். நடைமுறையில், கடைக்கு வரும் ஒதுக்கீடு சொந்தக் கார்டுதாரர்களைக் கணக்கிட்டு வருவதால் மாதக் கடைசியில் போனால் ‘ஸ்டாக் இல்லை’ என்பார்கள். மாதத்தின் முதல் பாதியில் போங்கள்.

முகவரி மாற்றத்தைத் தொடங்க வேண்டியது ஆதாரில். ஒப்பந்தம் இல்லையென்றால் ஆதார் ஆணையத்தின் மாதிரிச் சான்றிதழ்ப் படிவம் இருக்கிறது. புகைப்படம் ஒட்டி, மாமன்ற உறுப்பினர் அல்லது அரசிதழ் பதிவுபெற்ற அதிகாரி கையெழுத்தும் முத்திரையும் வாங்க வேண்டும். கையெழுத்தான நாளிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும். படிவத்தில் கதவு எண்ணோடு ‘பின்பக்கம், 3-ஆம் அறை’ என்று சேர்த்து எழுதுங்கள். எல்லா அறைக்கும் ஒரே கதவு எண் என்பதால் பின்னால் கள ஆய்வுக்கு வருபவர் முன் வீட்டைப் பார்த்துவிட்டு ‘மாடிவீடு’ என்று குறித்துப் போய்விடுவார். இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது.

ஆதார் மாறியதும் ரேஷன் கார்டுக்கு இணையத்தில் முகவரி மாற்றம், அது வட்ட வழங்கல் அலுவலருக்குப் போகும். அதன்பின் கேஸ், வங்கி. பிள்ளைக்கு எல்.கே.ஜி. வயது என்றால் இலவசக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25% இடத்துக்கு வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், நலிந்த பிரிவில் விண்ணப்பித்தால் வருமானம் 2 லட்சத்துக்குள். அதற்குச் சேர்க்கை அறிவிப்புக்கு முன்பே முகவரி மாறியிருக்க வேண்டும்.

ஒப்பந்தம்: 2017 வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எழுத்து மூலம் ஒப்பந்தம், வாடகை அதிகாரியிடம் பதிவு இரண்டும் கட்டாயம். முன்பணத்துக்கு மூன்று மாத வாடகை என்ற அளவையும் சொல்கிறது. தண்ணீர், மின்சாரத்தை நிறுத்தி வெளியேற்றுவது அதே சட்டத்தில் தடை. உரிமையாளர் எழுத மறுத்தாலும் வாடகையை ரொக்கமாகக் கொடுக்காமல் யு.பி.ஐ-யில் ‘வாடகை’ என்று மாதம் குறிப்பிட்டு அனுப்பி வாருங்கள். ஒரு வருடம் கழித்து அதுவே குடியிருப்புக்கான சாட்சி.

#10 அரசலாறு (கும்பகோணம்)

வெண்ணாறு சொல்வது குடியிருப்பவருக்கு நல்லது. உரிமையாளர் ஏன் மறுக்கிறார் என்பதையும் பார்த்தால்தான் இது நகரும்.

லைன் வீட்டு உரிமையாளர்களில் நிறையப் பேர் பணக்காரர்கள் இல்லை. ஓய்வுபெற்றபோது வந்த தொகையில் பின்பக்கம் நாலு அறை போட்டவர்கள், கணவர் இல்லாமல் அந்த வாடகையில் சாப்பிடும் பெண்கள். 2022 ஏப்ரலில் சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் சொத்துவரி 600 சதுர அடிக்குள் 25%, 601–1,200 வரை 50%, 1,201–1,800 வரை 75%, அதற்கு மேல் 100% ஏறியது. பத்துக்குப் பத்து அறை தனியாகப் பார்த்தால் 100 சதுர அடி. முன்வீடும் எட்டு அறையும் ஒரே மதிப்பீட்டில் இருந்தால் மேல் அடுக்கில் போய் விழும். அதைக் குடியிருப்பவர்தான் கடைசியில் கட்டுகிறார். மீட்டருக்கு நடந்த அதே கதை வரியிலும் நடக்கிறது.

ஒப்பந்தத்தைப் பதிந்தால் அனுமதியில்லாமல் கட்டியது வெளியே வரும் என்ற பயமும் இருக்கிறது. அதனால் கட்டாயப்படுத்தினால் மட்டும் போதாது. சிறு உரிமையாளர் அறைகளைத் தனித்தனியாகப் பதிந்தால் வரியைக் கீழ் அடுக்கிலேயே வைப்பது, தனி மீட்டருக்கான வைப்புத்தொகையைத் தவணையில் வாங்குவது, இவ்விரண்டும் நடந்தால் அவர்களே முன்வருவார்கள். நான் முதலில் எழுப்பிய ஆட்சேபத்தில் பாதியை இந்த மீட்டர் கணக்கைப் பார்த்து விட்டுவிட்டேன். மீதிப் பாதி இதுதான்.

#11 உய்யக்கொண்டான் (திருச்சி)

அரசலாறு சொன்ன அடுக்கு விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். மாமன்றத்தில் கேட்கக்கூடிய கோரிக்கை அது.

உடனே செய்ய வேண்டியது ஒன்று மிச்சம் இருக்கிறது. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குக் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. அதற்கு முன்னதாக வரும் வீட்டுப் பட்டியல்தான் நமக்கு முக்கியம், இன்னும் பல ஆண்டுக்குத் திட்டங்கள் அதை வைத்தே போகும். 2011 பட்டியலில் சொந்த வீடா வாடகையா, எத்தனை அறை, எத்தனை மணமான தம்பதி, கழிப்பறை, தண்ணீர் வரும் இடம், சமையலறை எல்லாம் கேட்டார்கள்.

அந்த விதிகளில் குடும்பம் என்பது பொதுவாகச் சேர்ந்து வாழ்ந்து ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள். சாலையிலிருந்தோ பொது முற்றத்திலிருந்தோ தனி வாசல் இருந்தால் அது தனிக் கணக்கெடுப்பு வீடு. ஆக லைன் வீட்டின் ஒவ்வொரு அறையும் தனி வீடு, தனிக் குடும்பம். ஆனால் எண்ண வருகிறவர் முன்வீட்டுத் திண்ணையிலேயே நின்று ‘பின்னாடி எத்தனை பேர்?’ என்று கேட்டால் உரிமையாளர் குறைத்துச் சொல்வார், அல்லது சொந்தக்காரர்கள் என்பார். காலை எட்டு மணிக்கு மேல் பின் அறைகள் பூட்டிக் கிடக்கும். ‘பூட்டிய வீடு’ என்று எழுதிப் போனால் அவ்வளவுதான்.

வார்டு வாரியாக லைன் வீடு இருக்கும் தெருக்களின் பட்டியலை இப்போதே எடுக்க ஆரம்பிப்போம். தெருப் பெயர், கதவு எண், பின் அறை எண்ணிக்கை, ஆள் வீட்டில் இருக்கும் நேரம், இந்த நாலு விவரம் போதும். காட்டூர், எடமலைப்பட்டிப்புதூர் நான் எடுக்கிறேன். தரைக்கடை, காந்தி மார்க்கெட்டைச் சுற்றி உங்களால் முடியுமா? வெண்ணாறு, அரசலாறு, தஞ்சைக்கும் குடந்தைக்கும் தனித்தனி இழை திறந்து இணைப்பை இங்கே போடுங்கள்.